சாயாத சுவர்

படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவரை மூன்றாவது முறையாகப் பெரியவர் இடிக்கச் சொன்னதும், கொத்தனார் ரசமட்டம் கரண்டியைச் சாந்துச் சட்டியில் குத்தி நிறுத்திவிட்டு, பீடிக்காகக் காது மடலைத் தடவினான். பீடி அங்கே இல்லை. இரண்டாவது தடவை இடித்தபோதே அதைப் பிடித்துத் தீர்த்திருந்தான்.

"பெரியவரே, நீங்களே வந்து நூலைப் பாருங்க. குண்டு மயிரிழை நகரல."

"நூலை எதுக்குடா பார்க்கணும்? நான் இருக்கேன்ல?"

"அதான் பிரச்சனையே" என்று அவன் சொல்லவில்லை. கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் சொன்னாள், தனக்குள்தான், ஆனால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

பெரியவரின் சொந்தப் பெயர் வாக்காளர் அட்டையில் மட்டும் இருந்தது. கட்டட வேலைக்காரர்களுக்கு அவர் கண்மட்டம். ஐம்பது வருஷம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்து, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அவர் பார்த்தால் சுவர் பயந்து நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். முதலில் அப்படிச் சொன்னவர் அவர்தான். பிறகு மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருந்து, சொன்னதும், "சேச்சே, அப்படியெல்லாம் இல்லப்பா" என்று அடக்கமாக மறுப்பார். ரசமட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. குமிழி ஓடும் அந்தக் கட்டையை இடுப்பில் செருகாமல் அவன் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டான் என்பது அவர் கட்சி.

சுவரைச் சரிபார்க்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. மூலைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பார். செருப்பைக் கழற்றுவார், வெறுங்காலுக்குத்தான் தரை பேசும் என்பார். பிறகு தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்தை வலப்பக்கம் திருப்பி, இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் மூலை விளிம்பைப் பிடித்து அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவார். உச்சியில் இரண்டு நொடி. அப்புறம் "சரி" அல்லது "இடி". மூன்றாவது வார்த்தை கிடையாது.

மழை ஓய்ந்ததிலிருந்து இரண்டாவது வார்த்தைதான் வந்துகொண்டிருந்தது. அதுவும் சொந்த வீட்டில். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மாடியில் இரண்டு அறை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அறைகள் முடிந்துவிட்டன. அங்கே ஏறிப்போகும் படிக்கட்டு அறை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"நான் கிளம்பறேன்" என்றான் ரசமட்டம். "கட்டறதுக்குக் கூப்பிடுங்க, வரேன். இடிக்கறதுக்கு மட்டும்னா வேற ஆள் பாருங்க. என் சுவரை நானே மூணு வாட்டி இடிச்சேன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

அவன் போனபின் கண்மட்டம் தனியாக ஒருமுறை மூலை ஏறினார். உச்சிக்குப் போனார். ஒன்று, இரண்டு. சுவர் கிளம்பியது. விழுகிற சுவர் ஒரு பக்கம் சரிந்து முடியும். இது சரிந்து, சரிந்த இடத்திலிருந்து மறுபடி சரிந்து, முடிவில்லாமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் இருட்டும் சரிந்தது. அது ஓயப்போகும் நேரத்தில், மூலையில் ஒருவர் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு, வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி. சட்டை முதுகில் சாந்து தெறித்துக் காய்ந்திருந்தது. கண் நிலைக்கு வந்தபோது மூலையில் மூலை மட்டும் இருந்தது.

ஆளைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. சுவர் சாய்கிறது என்று மட்டும் சொன்னார். ஒரு மேஸ்திரி அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

*

அந்த வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். விதவையாக வந்தவள், சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் அவள் புருஷனுடைய தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். பித்தளைக் குண்டு, நூல் அடுப்புப் புகையில் கறுத்துவிட்டது. காற்றடித்தால் லேசாக ஆடி, தானே நிற்கும். தம்பிக்கு மூன்று வேளையும் சோறு போட்டாள். பேச மட்டும் இல்லை. சொல்லவேண்டியதைத் தம்பி மகளிடம் சொல்லுவாள். அவள் இல்லாவிட்டால் பாத்திரங்களிடம்.

"டீ ஆறுது" என்று டம்ளரிடம் சொல்லுவாள். கண்மட்டம் எடுத்துக் குடித்துக்கொள்வார்.

"உப்பு கம்மி" என்று அவர் தட்டிடம் சொல்லுவார். உப்பு டப்பா சத்தமாக வந்து உட்காரும்.

வீட்டுக்கு வந்த புதிதில் மாப்பிள்ளை, பாத்திரங்களுக்குக் காது இருக்கிறதோ என்று பயந்துபோனார். பிறகு பழகிவிட்டது.

மாப்பிள்ளை விற்பனைப் பிரிவு மேலாளர். அவருக்குக் கீழே யாரும் இல்லை என்றாலும் மேலாளர்தான். எந்த விஷயமானாலும் கைபேசியில் இரண்டு நிமிஷம் தேடிவிட்டு, அதில் பத்து வருஷம் ஊறினவர் மாதிரிப் பேசுவார். சாயங்காலம் வந்து கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் படித்தார்.

"தொண்ணூறு டிகிரி, மாமா. கரெக்டா இருக்கு."

"அதை இங்கிருந்து கீழ போட்டா எத்தனை டிகிரி காட்டும்னு பார்ப்பமா மாப்பிள்ளை?"

கைபேசி பைக்குள் போனது. "சுவர்ல பிரச்சனை இல்ல மாமா, உங்க கழுத்துலதான். கழுத்தெலும்பு தேய்மானம். நான் படிச்சேன்."

"கழுத்து தேய்ஞ்சா சுவர் எப்படி மாப்பிள்ளை சாயும்?"

தெருமுனை மருந்துக் கடைக்காரர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். அவர் மருத்துவம் படித்ததில்லை. மருந்துப் பெட்டிகளைப் படித்திருந்தார். "வாயு. மேல ஏறிடுச்சு. தலைக்குப் போயிருக்கு" என்று கூரையைக் காட்டினார். அவர் கடையில் எந்த மருந்து அதிகமாகத் தேங்கியிருக்கிறதோ அந்த நோய்தான் அந்த மாதம் தெருவில் பரவும்.

"ஏம்ப்பா, ஒரு தடவை டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாமே" என்றாள் மகள்.

"சுவர் சாயறதுக்கு டாக்டரா? நாளைக்குக் கூரை ஒழுகினா நர்ஸைக் கூப்பிடுவியா?"

மறுநாள் மத்தியானம் மாடியில் வேலை ஏதும் இல்லை. சித்தாளும் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த கண்மட்டத்துக்கு மேலேயிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக், டொக். செங்கல்லை வைத்ததும் கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம். மற்றவர்கள் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அல்லது மூன்று. எப்போதும் இரண்டே தட்டுத் தட்டுகிற ஒரே ஒருவரை அவருக்குத் தெரியும்.

"மேல யாரும்மா?"

"யாருமில்லப்பா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியிருந்தாள். அவளுக்கும் கேட்டதா, அல்லது அவர் கேட்பதைப் பார்த்துத்தான் நிறுத்தினாளா, தெரியவில்லை. குண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு வெளியே வெயிலா மழையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

*

மூன்றாம் நாள் விடிந்து வெகுநேரம் ஆனபின், படுக்கையில் வலப்பக்கம் புரண்டவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறினார். மகள் ஓடிவந்தாள். மாப்பிள்ளை பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து, வாயில் நுரையோடு, "கழுத்து, கழுத்து" என்றார்.

அக்கா டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"கேளு, உங்கப்பாவை. எந்தப் பக்கம் திரும்பினா சுத்துதாம்?"

"அப்பா, அத்தை கேக்கறாங்க..."

"காதுல விழுது. வலப்பக்கம்."

"நேரா உட்கார்ந்திருக்கும்போது?"

"இல்ல."

"எவ்வளவு நேரம் சுத்துதாம்?"

"அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் நின்னுடும்."

அக்கா டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். கேட்க நினைத்த கடைசிக் கேள்வியை மகளிடம்கூடக் கேட்கவில்லை, டம்ளரிடம் கேட்டாள்.

"மேல பார்த்தா?"

கண்மட்டம் கட்டில் காலை விடாமல் டம்ளரைப் பார்த்தார். மாப்பிள்ளைகூட நுரையை விழுங்கிவிட்டு நின்றார்.

"அவரும் இதைத்தான் சொன்னாரு" என்றாள் அக்கா. "மூணு நாளா சொன்னாரு. மேல பார்த்தா சுத்துது, வலப்பக்கம் புரண்டா சுத்துதுன்னு. நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." டம்ளரை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்கா புருஷனான அத்தானுக்கு அறுபது வயது, கண்மட்டத்துக்கு நாற்பத்தொன்பது. ஒரே சாரத்தில் இருவரும் வேலை. அத்தான் நூல்காரர். ஒவ்வொரு நாலு வரிச் செங்கலுக்கும் குண்டைத் தொங்கவிட்டு, நூலை அண்ணாந்து பார்த்து, இரண்டு தட்டுத் தட்டி, அடுத்த கல்லுக்குப் போவார். "உன் கண்ணு நல்ல கண்ணுதான்டா, ஆனா நூலுக்கு அகம்பாவம் கிடையாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கண்மட்டமும் சிரிப்பார், அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது.

மூன்று மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம் அது. அன்றைக்குக் காலையில் டீக்கடையில் அத்தான், "மேல பார்த்தா தலை சுத்துதுடா" என்றார். "ராத்திரி எத்தனை ரவுண்டு?" என்று கேட்டார் கண்மட்டம். கடையே சிரித்தது. டீக்கடையிலிருந்து கட்டடம்வரை அத்தான் ஒரு கையால் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அதைக் கண்மட்டம் பார்த்தார். அவர் கண் பார்த்தது. பத்து மணிக்கு அத்தான் நூலின் மேல்முனையைப் பார்க்க அண்ணாந்தார், சாரத்திலிருந்து போய்விட்டார்.

கட்டட முதலாளி வந்து, "எப்படிய்யா விழுந்தான்?" என்று கேட்டபோது, நாற்பது பேர் நின்றார்கள். மச்சினன் என்ற முறையில் கண்மட்டத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் தன்னைப் பார்த்தால் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர் அவர்.

"குடிச்சிருந்தார்" என்றார். மூன்றாவது வார்த்தை கிடையாது.

முதலாளி நிம்மதியாகக் கை கழுவினார். சாவுக்கு வந்தவர்கள், 'பாவம், நல்ல மனுஷன், ஆனா...' என்று அந்த 'ஆனா'வோடு போனார்கள். "அவர் வாயில நான் ஒரு நாள் அந்த வாசனையைப் பார்த்ததில்ல" என்று அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்று எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கண்மட்டம் பார்த்ததாகச் சொல்லிவிட்டார் அல்லவா? அவர் கண்ணில் தப்பு வருமா?

*

அன்று மத்தியானம் அக்கா குழாயடிக்குப் போனாள். கண்மட்டம் சமையலறைக்குள் வந்தார். ஜன்னல் கம்பியிலிருந்து நூலை அவிழ்த்தார். பித்தளை அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தினமும் துடைப்பாள் போலிருக்கிறது. நூல்தான் கரி, குண்டில் முகம் தெரிந்தது.

மாடிக்கு ஏறினார். படிக்கட்டு அறையின் உச்சி வரியில் ஆணி ஒன்று இருந்தது. அதில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நூல் பிடிக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

செருப்பைக் கழற்றினார். தலையைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, இடக்கண்ணை மூடி, மூலை ஏறினார். ஒன்று, இரண்டு.

சுவர் சாய்ந்தது. பக்கத்தில் நூலும் சாய்ந்தது.

சுவர் சாயலாம், கட்டடம் சாயலாம், மலைகூடச் சரியலாம். கனத்தைத் தாங்கித் தொங்குகிற நூல் சாயாது. அப்படியானால் சாய்வது வேறு ஏதோ. அங்கே மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

மூலையில் அத்தான் வந்து நின்றார். முதுகு. காய்ந்த சாந்து. வலது கை சுவரில் பதிந்திருந்தது. கண்மட்டம் இந்தமுறை கண்ணை மூடவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுவது மெல்ல ஓய்ந்தது. முதுகு போயிற்று, சட்டை போயிற்று. கை மட்டும் போகவில்லை. சுவரில் விரல் விரித்துப் பதிந்து, அங்கேயே இருந்தது. கட்டைவிரல் நகத்தில் பழைய சுத்தியல் காயம். அது அவருடைய கை.

விழாமல் இருப்பதற்காக ஒரு மனிதன் சுவரைப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று அவர் இதற்கு முன்னும் ஒருதடவை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வேறு பெயர் வைத்திருக்கிறார்.

அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கினாள். வெறும் ஜன்னலைப் பார்த்தாள். மாடிக்கு வந்தாள். செங்கல் அடுக்கின்மேல் தம்பி உட்கார்ந்திருந்தார், மடியில் குண்டு. அவள் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, குண்டைப் பார்த்தே கேட்டாள்.

"என்ன சொல்லுச்சு?"

"சுவர் நேராத்தான் இருக்கு" என்றார் கண்மட்டம்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். வேறு ஒன்றும் வரவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லு" என்று அவர் படியைப் பார்த்துக் கத்தினார்.

*

தலைசுற்றலுக்கு வைத்தியம் பார்க்கும் காது டாக்டரின் அறை, செருப்புக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. பதினேழு படி, கைப்பிடி இல்லை. ஆறாவது படியும் ஒன்பதாவது படியும் ஒரே உயரம் இல்லை என்பதைக் கண்மட்டம் கால்களாலேயே கண்டுபிடித்து, கட்டியவன் பரம்பரையை முணுமுணுத்தபடி ஏறினார். ஒரு பக்கம் மாப்பிள்ளை, பின்னால் அக்கா. அக்கா கையில் துணிப்பை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தாள். நின்றதும் அது இறங்கியது. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அக்கா துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டைத் தனியாக வைத்தாள்.

"இந்த வெள்ளை அரசாங்க ஆஸ்பத்திரில குடுத்தது. இந்த ரோஸ் கலர்?"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன், டாக்டர். சும்மா குடுக்கற மாத்திரைல பவர் இருக்காது. நான் படிச்சுப் பார்த்து..."

"ரெண்டும் ஒரே பிரஷர் மருந்து. பேர்தான் வேற. தாத்தா டபுள் டோஸ் சாப்பிட்டுட்டு இருக்கார்."

"கலர் வேறயா இருந்துச்சே?" என்றார் மேலாளர். கொஞ்ச நேரத்தில், மருந்துக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு வருவதாகச் சொல்லி ரோஸ் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"வேலை நடக்கறப்போ குடிக்கறதில்ல. குடிச்சா அடிக்கடி இறங்கணும்."

"சரி, அது ரெண்டாவது காரணம். இப்ப மூணாவதைப் பார்ப்போம். கண்ணை மட்டும் மூடாதீங்க."

தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று படுக்கவைத்தாள். ஒன்று, இரண்டு. அறை கிளம்பியது. அவர் டாக்டரின் கையை நசுக்கினார். அவள் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துடிக்குது பாருங்கம்மா" என்று அக்காவுக்குக் காட்டினாள். அக்கா குனிந்து பார்த்தாள். தப்பே செய்யாத அந்தக் கண்கள் இரண்டும், வலைக்குள் மாட்டின மாதிரி, துடிதுடித்துக்கொண்டிருந்தன.

பிறகு தலையை இடப்பக்கம், பிறகு உடம்போடு ஒருக்களித்து, பிறகு எழுப்பி என்று நாலு நிலையில் நிறுத்தி நிறுத்தித் திருப்பினாள்.

"காதுக்குள்ள பொடிப்பொடியாக் கல்லு இருக்கும் தாத்தா. சுண்ணாம்புதான். வயசானா சில நேரம் அது உதிர்ந்து, ஓடக்கூடாத குழாய்க்குள்ள ஓடிடும். அண்ணாந்து பார்த்தா, புரண்டா, அது உருளும். நீங்க அசையலன்னாலும் அசையறதா மூளைக்குத் தப்புச் செய்தி போகும்."

"சுண்ணாம்பா?" என்றார் கண்மட்டம். யோசித்தார். "ரசமட்டத்துக்குள்ள மணல் விழுந்த மாதிரி."

"அப்படியே வெச்சுக்கங்க."

ஆக அவர் காதுக்குள்ளேயே பிறந்ததிலிருந்து ஒரு ரசமட்டம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கண் சுவரை அளந்திருக்கிறது. பெருமையெல்லாம் கண் வாங்கிக்கொண்டது.

"டாக்டரம்மா" என்றாள் அக்கா. குரல் வித்தியாசமாக இருந்தது. "எனக்கு ஒண்ணு கேக்கணும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர். அறுபது வயசு. மேல பார்த்தா மட்டும் சுத்துது, வலப்பக்கம் புரண்டா சுத்துதுன்னு மூணு நாள் சொன்னாரு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு. அது இதுவா?"

டாக்டர் அவளைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்மட்டத்தைப் பார்த்தாள். "நான் பார்க்காத ஆளைப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல தலை சுத்தறதுக்குப் பத்துக் காரணம் இருக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், மாத்திரை, தண்ணி பத்தாம... ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, இதுவா இருந்திருக்கலாம்."

"குடிச்சிருந்தா?"

"குடிச்சவங்களுக்கு மேல பார்க்காமலே சுத்துமே."

"இருந்திருக்கலாம்னு சொல்றீங்க."

"சொல்றேன்."

"போதும்" என்றாள் அக்கா. மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு 'இருந்திருக்கலாம்'கூட அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

"இன்னைக்கும் நாளைக்கும் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கும்" என்றாள் டாக்டர். "அரை மணி இங்கயே உட்காருங்க. தனியா நடக்கவிடாதீங்க. அண்ணாந்து பார்க்கவே வேண்டாம்."

அவர் அரை மணி உட்காரவில்லை. பதினேழு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். தெருவுக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பினார். "முக்குக்குப் போகணும்" என்று மின்கம்பத்திடம் சொன்னார்.

அக்கா பின்னால் வந்தாள்.

*

வேலைக்கு ஆள் எடுக்கும் முக்கு அது. டீக்கடைக்கு எதிரே, கரண்டியும் மட்டப்பலகையும் பையுமாகக் கொத்தனார்கள் காலையிலிருந்து நிற்பார்கள். பத்து மணிக்கு மேல் நிற்பவர்கள் அன்றைக்கு யாரும் கூப்பிடாதவர்கள். அவர்களுக்குப் பேச நிறைய நேரம் இருக்கும். அன்றைக்குப் பதினைந்து பேர் இருந்தார்கள். ரசமட்டம் இருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அன்று வேலை பார்த்த கிழட்டுப் பூச்சுக்காரரும் இருந்தார். அந்த நாற்பது பேரில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

கண்மட்டம் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மதில் முடிந்த இடத்திலிருந்து டீக்கடைவரை பத்தடி வெட்டவெளி. அதைக் கடக்க அவருக்கு எட்டு அடி இந்தப் பக்கமும் ஆறு அடி அந்தப் பக்கமும் தேவைப்பட்டது.

"வாங்க பெரியவரே, சுவர் நிக்குதா?" என்றான் ரசமட்டம்.

"நிக்குது. நீ கட்டினது நேராத்தான் இருக்கு. மூணு தடவையும் நேராத்தான் இருந்தது. என் மேலதான் தப்பு."

கண்மட்டம் தப்பு என்று சொன்னதை அந்த முக்கு கேட்டதில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றார் அவர். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் காற்றில் கையை விரித்திருந்தார். "எங்க அத்தான் அன்னைக்குக் குடிக்கல. கேட்டுக்கங்க. அவருக்குத் தலை சுத்துச்சு. நான் பார்த்தேன், பார்த்துட்டு... குடிச்சிருந்தார்னு சொன்னேன். தப்பு. அவர் குடிக்கல. காதுக்குள்ள சுண்ணாம்பு இருக்கு. அது உருண்டு... நூல் சாயாது. நூல் சாயவே சாயாது."

அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

பூச்சுக்காரர் கிட்ட வந்து, மூக்கைச் சுருக்கி, அவர் வாயருகே முகர்ந்தார். "வாசனை வரல. ஏலக்காய் போட்டிருப்பாரோ?"

"காதுக்குள்ள சுண்ணாம்பாம்" என்று ஒருவன் சொல்லி முடிக்குமுன் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"இத்தனை நாள் எப்படிய்யா தெரியாமப் போச்சு? அதான் சுவர் எல்லாம் சாஞ்சிருக்கு!"

"போதையில இருக்கறப்போ மனசுல இருக்கறது வரும்பா. விடு, பெரிய மனுஷன்."

"நான் குடிக்கல" என்றார் கண்மட்டம்.

"அதான் தெரியுதே" என்றார்கள்.

"டேய், நான் குடிக்கலடா!"

"சரி சரி. யாராச்சும் ஒரு டீ போடுங்கப்பா, தெளியட்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி, மதில் முடிகிற இடத்தில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். பைக்குள் மாத்திரைகள் இருந்தன. டாக்டர் எழுதின சீட்டும் இருந்தது.

"அக்கா, நீ சொல்லு. நான் குடிக்கலன்னு சொல்லு."

பதினைந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். பூச்சுக்காரர் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். பிறகு நடந்துவந்து, பிடித்திருந்த இரண்டு பேரையும் விலகச் சொல்லி, தம்பியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்படித்தான் அன்னைக்கு நானும் ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பார்த்தேன்" என்றாள். பாத்திரத்திடம் அல்ல, சுவரிடம் அல்ல, அவரிடம். "வா. மேல பார்க்காம நட."

அவர்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நடந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கண்மட்டம் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது தெருவெல்லாம் தெரிந்திருந்தது. பதினைந்து பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள்.